ஒரு பகுதியில் நாங்கள், மறு பகுதியில் வாடகைக்காரர்: வடக்கில் முதல் வீடு வாங்குவதற்கு முன்

இரண்டு பகுதியாக உள்ள ஒரு சிறிய வீட்டை வாங்கி, ஒன்றில் தாங்கள் இருந்துகொண்டு மற்றதை வாடகைக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கும் குடும்பங்கள் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இப்போது நிறைய. திருநெல்வேலியில் பல்கலைக்கழக மாணவர்கள், யாழ். போதனா வைத்தியசாலையைச் சுற்றித் தாதியர், பிற மாவட்டங்களிலிருந்து மாற்றலாகி வரும் அரச, வங்கி ஊழியர்கள் என்று வாடகைக்கு ஆட்கள் இருக்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் பல்கலைக்கழகப் பீடங்கள் வந்த பிறகும், 2021 இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமான பிறகும் அந்தப் பக்கங்களிலும் தேவை கூடியிருக்கிறது.

நானும் கணவரும் ஒன்றரை வருடமாகப் பதினொரு வீடுகள் பார்த்து, கடைசியில் கொக்குவிலில் ஒன்றேகால் பரப்பில் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். முன்பகுதியில் நாங்கள் இருக்கிறோம். தனி வாசல், குசினி, மலசலகூடம் உள்ள பின்பகுதியில் ஒரு தாதியும் அவரின் தாயாரும் இருக்கிறார்கள். வீடு தேடிய காலத்தில் நொத்தாரிசுகளிடமும் காணிப் பதிவகத்திலும் வங்கியிலும் கேட்டறிந்தவற்றை, எங்களைப் போன்ற நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று இங்கே தொகுத்திருக்கிறேன். இது சட்ட ஆலோசனைக்கு மாற்று அல்ல. சட்டத்தரணியிடம் போகும்போது என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக உதவும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேறு நாடுகளில் இப்படி வீடு வாங்குபவருக்கு முதல் கேள்வி, வாடகை கடனைக் கட்டுமா என்பது. எங்கள் பகுதியில் அது இரண்டாவது கேள்விதான். இந்த வீட்டில் யார் யாருக்கு உரிமை இருக்கிறது, அவர்கள் இப்போது எங்கே என்பதே முதல் கேள்வி. இடப்பெயர்வும் புலம்பெயர்வும் காணாமற்போதலும் இங்கே ஒவ்வொரு வளவின் உறுதிக்குள்ளும் இருக்கின்றன.

உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா?

யாழ். குடாநாட்டில் பெரும்பாலானவை உறுதிக் காணிகள். வன்னிக்குப் போனால் நிலைமை வேறு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் குடியேற்றத் திட்டங்களின் கீழ் வழங்கப்பட்ட காணிகள் அதிகம். இவை 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. அனுமதிப்பத்திரக் காணியைச் சாதாரண விற்பனை உறுதி எழுதி வாங்க முடியாது. அளிப்புப் பத்திரம் கிடைத்த காணியென்றாலும் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். அது இல்லாமல் கைமாறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. குத்தகைக்குக் கொடுப்பதற்கும் இந்தச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. ஆகவே வாங்கி ஒரு பகுதியை வாடகைக்கு விடும் எண்ணம் இந்த வகைக் காணிக்கு அநேகமாகப் பொருந்தாது.

"எல்லாரும் இப்படித்தான் வாங்குகினம், ஒரு கடிதம் எழுதி ஜே.பி.யிட்ட ஒப்பம் வாங்கினாச் சரி" என்று தரகர் சொல்வார். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுத்தில் இருக்க வேண்டும். சமாதான நீதவானின் முத்திரை அதற்கு ஈடாகாது.

தோம்பைப் பார்ப்பது

உறுதியின் போட்டோப் பிரதியைக் காட்டி விலை பேசுபவர்கள் உண்டு. உறுதியைக் கையில் வாங்கினால் மட்டும் போதாது. காணிப் பதிவகத்தில் அந்தக் காணிக்குரிய தோம்பை எடுத்து, கைமாறிய வரலாற்றைக் குறைந்தது 30 வருடத்துக்குப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். வங்கிகளும் கடனுக்கு இதைத்தான் கேட்கின்றன. 30 வருடம் பின்னோக்கிப் போனால் 1995 ஒக்டோபர் வலிகாம இடப்பெயர்வின் காலம் வருகிறது. உறுதிகள் தொலைந்ததும், எரிந்ததும், பெட்டியோடு வன்னிக்குப் போய் அங்கே அழிந்ததும் அந்தக் காலத்திலும் அதற்குப் பின்னரும்தான். மூல உறுதி தொலைந்திருந்தால் பதிவகத்திலிருந்து உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். ஆனால் உறுதி தொலைந்தது என்று சொல்லப்படும் காணி எங்காவது ஈட்டில் இருக்கிறதா என்று தோம்பில் கட்டாயம் தேடுங்கள்.

தோம்பில் கவனிக்க வேண்டியவை:

ஈடு, ஒற்றி, நீதிமன்றத் தடை ஏதாவது பதிவாகியிருக்கிறதா?

சீதனமாகவோ நன்கொடையாகவோ எழுதும்போது தாய் தகப்பன் தங்களுக்குச் சீவிய உரித்து வைத்திருக்கிறார்களா? அவர்கள் உயிரோடிருந்தால் அவர்களும் கையெழுத்திட வேண்டும்.

விற்பவரிடம் இருப்பது முழுக் காணியா, பிரிபடாத பங்கா? பங்கு மட்டும் என்றால், நீங்கள் வாங்குவது சுவரும் கூரையும் அல்ல, மற்றப் பங்காளர்களோடு ஒரு கூட்டு.

கிணற்றிற் பங்கு, வழிவாய்க்கால் உரிமை எப்படி எழுதப்பட்டிருக்கிறது? ஒழுங்கைக்குள் இருக்கும் வளவுகளில் பின்பகுதி வாடகைக்காரர் எந்த வழியால் வந்து போவார் என்பது இந்த ஒரு வரியில் தங்கியிருக்கிறது.

பழைய உறுதிகளில் எல்லைகள் அயலவர்களின் பெயர்களால் சொல்லப்பட்டிருக்கும். அந்த அயலவர்களில் பலர் இன்று இல்லை. அதனால் பதிவுபெற்ற நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளந்து படம் எடுப்பது அவசியம். நாங்கள் பார்த்த ஒரு வீட்டில் உறுதிப்படி இரண்டு பரப்பு இருந்தது. மதிலுக்குள் இருந்தது அதைவிட மூன்று குளி குறைவு. பதினெட்டுக் குளி ஒரு பரப்பு என்ற கணக்கில் இது சிறிய வித்தியாசமல்ல.

வட மாகாணக் காணிகளுக்கு இன்னொரு படி உண்டு. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கத் தேசவழமை முன்னுரிமைக் கொள்வனவுச் சட்டப்படி, பங்காளர்களுக்கும் விற்பவரின் வாரிசாகக் கூடியவர்களுக்கும் அந்தக் காணியை முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது. விற்பனைக்கு முன் அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுத்தாயிற்றா என்று நொத்தாரிசிடம் கேளுங்கள். அறிவித்தல் இல்லாமல் வாங்கினால், பின்னர் ஒரு சகோதரர் வழக்கோடு வர இடமுண்டு.

உறுதி எழுதியவுடன் பதிவும் நடந்துவிட வேண்டும். 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ், ஒரே காணிக்கு இரண்டு உறுதிகள் இருந்தால், பெறுமதி கொடுத்து வாங்கி முதலில் நேர்மையாகப் பதிந்தவரின் உறுதியே முந்தும்.

இங்கில்லாதவர்களின் கையெழுத்து

விற்பனைக்கு வரும் வீடுகளில் பலவற்றின் உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ சுவிசிலோ இருக்கிறார். அவர் சார்பில் இங்கே ஒருவர் அற்றோணித் தத்துவத்தோடு விற்கிறார். பொய் உறுதியும் பொய் அற்றோணியும் அதிகம் நுழைவது இந்த வழியால்தான். அற்றோணிப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா, அதில் விற்கும் அதிகாரம் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா என்பதும் முக்கியம், ஏனெனில் அவர் இறந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். உரிமையாளரோடு வீடியோ அழைப்பில் நேரடியாகப் பேசாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். அவரைத் தெரிந்த ஊரவர் ஒருவரும் அந்த அழைப்பில் இருந்தால் நல்லது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் வீடுகளும் சந்தைக்கு வருகின்றன. அவற்றை வாங்குபவர் உரிமையாளரையோ வாரிசுகளையோ நேரில் கண்டு, விருப்பத்தோடு விற்கிறார்களா என்று அறிந்துகொள்ள வேண்டும். மலிவு என்பது இங்கே யாரோ ஒருவரின் இழப்பாக இருக்கலாம்.

காணாமற்போனவரின் பெயரில் உள்ள வீடுகள் இன்னும் சிக்கலானவை. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம், மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாத குடும்பங்கள் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெற முடிகிறது. குடும்பத்தின் அன்றாட அலுவல்களுக்கு அது உதவும். அதை மட்டும் வைத்து அவர் பெயரிலுள்ள காணியை விற்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

காணி மனைவியின் பெயரில் இருந்து கணவர் காணாமற்போயிருந்தால், அது வேறு விடயம். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை என்கிறது 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். கணவர் கைவிட்டுப் போயிருந்தாலோ இருக்கும் இடம் தெரியாவிட்டாலோ, மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றத்தின் அதிகாரத்தைப் பெறலாம். இப்படி ஒரு பெண்ணிடம் வாங்குபவர் அந்தக் கட்டளை வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதென்றால் விலகிக்கொள்வது நல்லது. அவசரப்படுத்தி, யாரோ ஒருவரைக் கணவராகக் காட்டிக் கையெழுத்து வாங்கினால் அது உங்களுக்கும் அவருக்கும் ஆபத்து.

இந்தச் சட்டம் வாங்கும் பெண்ணையும் தொடும். எங்கள் வீட்டின் உறுதி என் பெயரில் இருக்கிறது. நாளைக்கு நான் அதை விற்பதென்றால் கணவரின் கையெழுத்து வேண்டும். அவர் பெயரில் இருந்திருந்தால் என் கையெழுத்து தேவைப்பட்டிராது. திருமணத்துக்குப் பின் வாங்குவது தேடிய தேட்டமாகும் என்பதால், ஒருவர் இறந்தால் மற்றவருக்கும் பிள்ளைகளுக்கும் எவ்வளவு போகும் என்பதையும் உறுதி எழுதும் நாளிலேயே கேட்டுத் தெளிவது நல்லது.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் அண்ணாவோ அக்காவோ உறுதியில் தங்கள் பெயரையும் போடச் சொல்லலாம். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜை ஒருவர் இங்கே காணி வாங்க முடியாது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. விலக்கு இல்லாத சகோதரர் தந்த பணம் அன்பளிப்பா, கடனா, வாடகையில் பங்கா என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் பத்து வருடம் கழித்து வளவுக்காகச் சகோதரர்கள் முகம் பாராமல் இருப்பதைவிட இந்தக் கூச்சம் சிறியது.

வீட்டில் ஏற்கெனவே இருப்பவர்கள்

நாங்கள் பார்த்த ஐந்தாவது வீடு எல்லா வகையிலும் பொருத்தமாக இருந்தது. பின்பகுதியில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு அம்மாவும் மகளும் இருந்தார்கள். உரிமையாளர் வெளிநாடு போகும்போது வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி இருத்தியவர்கள். அவர்களின் சொந்தக் காணி இன்னும் இராணுவ வேலிக்குள். "நீங்கள் காசைக் கட்டுங்கோ, அவையை நான் எழுப்பித் தாறன்" என்றார் தரகர். அந்த அம்மாவிடம் விசாரித்தபோது, விற்பனை நடப்பதே அவருக்குத் தெரியாது. நாங்கள் அந்த வீட்டை விட்டுவிட்டோம்.

இதில் சட்டமும் இருக்கிறது. ஒருவர் தனக்கென்று பகிரங்கமாகப் பத்து வருடம் இடையூறின்றி ஆண்டு வந்தால் ஆட்சியுரிமை கோரலாம் என்கிறது 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம். உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவருக்கு அது இலகுவில் கிடைக்காது. ஆனாலும் வழக்கு வருடக்கணக்கில் இழுபடும். போரினால் தங்கள் காணிக்காக வழக்குப் போட முடியாமற்போனவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விடும் விசேட ஏற்பாட்டுச் சட்டம் 2016 இல் வந்தது. வழக்குத் தொடர அதில் கொடுக்கப்பட்ட அவகாசம் குறுகியது.

வாடகைக்காரர் இருக்கும் வீடென்றால், அவரின் குத்தகை உங்களையும் கட்டுப்படுத்தும். விற்பனையால் குத்தகை முறியாது என்பது இங்கு நடைமுறையிலுள்ள ரோம டச்சுச் சட்டத்தின் விதி. பழைய வாடகைக்காரர் என்றால் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் வீடாக ஒப்படைக்கப்படும் நாளில்தான் மிகுதிப் பணம் என்று உடன்படிக்கையில் எழுதுங்கள். இருப்பவர்களுக்குப் போக இடமும் கால அவகாசமும் கிடைத்திருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள்.

கணக்கு

ஓர் உதாரணம் சொல்கிறேன். வீட்டின் விலை 90 இலட்சம். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். ஆக 3,59,000 ரூபா. நொத்தாரிசுக் கட்டணம், அளவைப் படம், வங்கியின் சட்டச் செலவு, மதிப்பீட்டுச் செலவு இவை வேறு.

இதில் 50 இலட்சத்தை 15 வருடக் கடனாக எடுத்தால், 12 வீத வட்டிக்கு மாதத் தவணை ஏறக்குறைய 60,000 ரூபா. பின்பகுதி வாடகை 25,000 என்று வைத்தால், 35,000 உங்கள் சம்பளத்திலிருந்து போகும். வாடகை கடனைக் கட்டாது, பாரத்தைக் குறைக்கும். அவ்வளவுதான். வாடகையையும் வருடத்துக்குப் பன்னிரண்டு மாதமாகக் கணக்குப் பார்க்காமல் பத்து மாதமாகப் பாருங்கள். ஒருவர் போய் மற்றவர் வரும் இடைவெளியும், கூரையும், மோட்டரும் அந்த இரண்டு மாதத்தைத் தின்றுவிடும்.

வட்டி மாறக்கூடிய கடனா என்று கட்டாயம் கேளுங்கள். 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மேற்சொன்ன கடனின் வட்டி 12 இலிருந்து 16 ஆனால் தவணை 73,000 ஐத் தாண்டும். பின்பகுதி மூன்று மாதம் வெறுமையாக இருந்து வட்டியும் ஏறினால் தாக்குப்பிடிக்க முடியுமா? முடியாதென்றால் இன்னும் கொஞ்சம் சேர்த்துவிட்டு வாங்குவது நல்லது. நகை முழுவதையும் அடகு வைத்து வாங்க வேண்டாம் என்று எங்கள் இருவரின் தாய்மாரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். ஒரே இரவில் வெளிக்கிட வேண்டி வந்தபோது கையில் கொண்டுபோகக் கூடியதாக இருந்தது அது ஒன்றுதான் என்பதை அவர்கள் அறிந்தவர்கள்.

வாடகை வருமானமும் வருமானவரிக் கணக்கில் சேரும். உங்கள் மொத்த வருமானம் விலக்கு எல்லையைத் தாண்டுகிறதா என்று பாருங்கள்.

கிணறு, மலக்குழி, கரண்ட்

குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். மேலே விடுவது விரைவாகக் கீழே இறங்கிவிடும். ஒரு குடும்பத்துக்குக் கட்டிய வளவில் இரண்டு குடும்பம் இருக்கப்போகிறது என்றால், கிணற்றுக்கும் மலக்குழிக்கும் உள்ள தூரத்தை நாடா பிடித்து அளந்து பாருங்கள். அயலவரின் குழி உங்கள் கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கோடையில் ஒருமுறை கிணற்றை எட்டிப் பார்த்த பிறகு முடிவெடுப்பது நல்லது.

மின்கட்டணம் பாவனை கூடக்கூட அலகு விலையும் கூடும் முறையில் இருப்பதால், ஒரே மீற்றரில் இரண்டு வீடு ஓடினால் இருவருக்கும் நட்டம். பின்பகுதிக்குத் தனி இணைப்பு எடுக்க முடியுமா என்று மின்சார சபையில் கேளுங்கள். பின்பகுதி பிறகு இணைத்துக் கட்டியது என்றால் அதற்கு மாநகர சபையின் அல்லது பிரதேச சபையின் கட்டட அனுமதி இருந்ததா, சோலை வரி நிலுவை உண்டா என்பதையும் விசாரியுங்கள்.

அடுத்த சுவருக்கு அப்பால் இருப்பவர்

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட்டால்தான் சட்டத்தில் நிற்கும். 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், குத்தகை முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்க வழி செய்திருக்கிறது. அதற்கும் எழுத்திலான குத்தகை உடன்படிக்கைதான் அடிப்படை. அந்தத் தாள் வாடகைக்காரருக்கும் பாதுகாப்பு. வாடகை எவ்வளவு, எப்போது கூடும், முற்பணம் எப்போது திரும்பும், எவ்வளவு கால அறிவித்தல், தண்ணீருக்கு என்ன முறை, படலை எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்பவற்றை எழுதுங்கள். வாடகைக்குப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். முற்பணம் உங்களுடைய பணமல்ல. அதை வேறு கணக்கில் போட்டு வையுங்கள்.

எங்களில் பலருக்கு வாடகைக்காரராக இருந்த அனுபவம் கசப்பானது. 2007 யூன் 7 ஆம் திகதி கொழும்பில் விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வெளியேற்றினார்கள். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகே அது நின்றது. ஆனால் இன்று யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகும் ஒருவரிடம் "எந்த ஊர், எந்தப் பக்கம்?" என்று கேட்பவர்கள் தமிழர்கள்தான். அந்தக் கேள்வி சாதியை அறியக் கேட்கப்படுவது என்பது இருபக்கமும் தெரியும். மலையகத்திலிருந்து வரும் மாணவர்கள், தனியாக இருக்கும் பெண்கள், புனர்வாழ்வு பெற்று வந்தவர்கள், முஸ்லிம்கள் எல்லோரும் இந்தப் படலையில் திரும்பிப் போகிறவர்கள்.

பக்கத்திலேயே இருக்கப்போகும் ஒருவரைப் பற்றி விசாரிப்பது நியாயமே. வேலை எங்கே, முந்திய வீட்டுக்காரர் யார், எத்தனை பேர் இருப்பீர்கள், வாடகையை எப்படிக் கட்டுவீர்கள் என்று கேளுங்கள். அடையாள அட்டையின் பிரதியை வாங்கி வையுங்கள். இவற்றுக்கு மேல் எதுவும் தேவையில்லை. வாடகைக்குக் கொடுத்த பகுதிக்குள் சொல்லாமல் போகக் கூடாது. அவர் குசினியில் என்ன சமைக்கிறார், யார் வந்து போகிறார் என்பது எங்கள் விடயமல்ல. எங்கள் வாடகைக்காரரின் தாயார் வந்த முதல் வாரம், கொடியில் உடுப்புப் போடவும் அனுமதி கேட்டார். இருபது வருடத்தில் எட்டு வீடு மாறியவர். கேட்காமல் போடலாம் என்று அவருக்குப் புரியவைக்க எங்களுக்குச் சில நாட்கள் எடுத்தன.

எந்த ஒழுங்கில் செய்வது

முதலில் காணியின் வகை. பிறகு தோம்பு. அதன் பின் உரிமையாளர் எல்லோரையும் தேடிப் பேசுவது, வீட்டில் இருப்பவர்களோடு கதைப்பது, கிணறும் குழியும் பார்ப்பது, அளவைப் படம் எடுப்பது. இவை முடிந்த பிறகு வங்கி, கடைசியில் விலை. தரகர்கள் இந்த ஒழுங்கைத் தலைகீழாக நடத்துவார்கள். முற்பணத்தைக் கட்ட வைத்துவிட்டுத்தான் மற்றவற்றைக் காட்டுவார்கள். "இண்டைக்குக் கட்டாட்டி நாளைக்கு வேற ஆள் வருது" என்று சொல்லப்படும் வீட்டை அந்த வேறு ஆளுக்கே விட்டுவிடுங்கள். நாங்கள் அப்படி விட்ட இரண்டு வீடுகளில் ஒன்று இன்றும் பங்காளர் வழக்கில் பூட்டிக் கிடக்கிறது.